அறுபத்தெட்டு வயதில் புறப்பட்ட ஒரு தாய்

 

நான் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். முப்பத்தைந்து வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன். ரிட்டையர் ஆகி ஏழு வருஷமாச்சு. கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நாலு வருஷம். இப்போ மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் பேரப்பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றுவது, சாயங்காலம் இறக்குவது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். இவ்வளவுதான் என் ஓட்டம் என்று நினைத்திருந்தேன்.

2024-ஆம் வருஷம் ஒரு உபவாச ஜெபத்தில் நம் பாஸ்டர் ஐயா ஒரு காரியத்தைச் சபைக்கு முன் வைத்தார். வெளிநாட்டில் ஏழை ஜனங்கள் மத்தியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே ஆறு மாதம் சம்பளமில்லாமல் சேவை செய்ய அனுபவமுள்ள நர்ஸ்மார் தேவை. வயது தடையில்லை. தொழுநோயாளிகள் வருகிற இடம், அதனால் யோசித்து முன்வாருங்கள் என்றார்.

சபையில் பலபேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு பைபிளின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்ததும் பாஸ்டரம்மாவிடம் போய், எனக்கு சுகர் இருக்கு, மூட்டு வலி இருக்கு, இந்த வயசில் எங்கேம்மா போக முடியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சுகரும் மூட்டு வலியும் உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

அந்த வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் தமது நூறாவது வயதில் மரித்தார். அவரைப் பற்றி வந்த செய்திகளில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. அவருடைய தாயார் அறுபத்தெட்டு வயதில் நம்முடைய இந்தியாவுக்கு வந்து, பம்பாய்க்குப் பக்கத்தில் நர்ஸாகச் சேவை செய்தவர் என்று அதில் இருந்தது. அன்றைக்குத் தொடங்கி அந்தத் தாயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். அதைத்தான் இப்போ உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அடைபட்ட ஒரு கதவு

லில்லியன் கார்ட்டர் 1898-ஆம் வருஷம் ஆகஸ்ட் 15-ஆம் தேதி அமெரிக்காவின் தெற்கிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் ரிச்லாண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊரின் போஸ்ட் மாஸ்டர். மகளும் கொஞ்சகாலம் தபால் ஆபீசில் வேலை பார்த்தார். முதலாம் உலகப் போர் நடந்தபோது இராணுவத்தில் நர்ஸாகச் சேவை செய்யத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அப்போது வயது இருபதுகூட இல்லை. ஆனால் அந்தத் திட்டம் ரத்தாகிவிட்டது. போரும் முடிந்தது. போக நினைத்த பெண் வீட்டிலேயே இருக்கவேண்டியதாயிற்று.

தேவபிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போர்க்காலத்தில் அந்தக் கதவு அடைபட்டது. மறுபடி அது திறக்க ஏறக்குறைய ஐம்பது வருஷமாச்சு. நமக்கு ஒரு ஜெபத்துக்கு ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் சோர்ந்துபோகிறோமே!

பிறகு அவர் ப்ளெயின்ஸ் என்ற சிற்றூருக்கு வந்து அங்கிருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி பெற்றார். அட்லாண்டா நகரத்திலுள்ள கிரேடி ஆஸ்பத்திரியில் 1923-ல் படிப்பை முடித்தார். அதே வருஷம் ஏர்ல் கார்ட்டர் என்பவரை விவாகம் செய்தார். ஜிம்மி, குளோரியா, ரூத், பில்லி என்று நாலு பிள்ளைகள். இவர்களில் ரூத் பிற்காலத்தில் பேர்பெற்ற சுவிசேஷகியானார்.

ஏர்ல் கார்ட்டர் விவசாயி, வியாபாரி. நிலக்கடலை, பருத்தி பயிரிட்டார். ஆர்ச்செரி என்ற கிராமத்தில் அவர்களுடைய பண்ணை. அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் கறுப்பின ஏழை ஜனங்கள். அந்த நாட்களில் ஜார்ஜியாவில் வெள்ளைக்காரர் வேறு, கறுப்பர் வேறு. பள்ளிக்கூடம் வேறு, ஆலயம் வேறு. கறுப்பர் வெள்ளைக்காரர் வீட்டுக்கு வந்தால் பின்வாசல்தான். நம்ம ஊர்களில் டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லில்லியன் அம்மா இந்த வேலியை மதிக்கவில்லை. கறுப்பர் வீட்டில் பிரசவமா, காய்ச்சலா, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். காசு இல்லாதவர்கள் முட்டையோ கோழியோ தங்களிடம் இருப்பதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொடுக்க ஒன்றுமில்லாதவர்களுக்கும் அதே கைதான், அதே மருந்துதான். பக்கத்திலிருந்த கறுப்பின பிஷப்பின் மகன் வீட்டுக்கு வந்தால் முன்வாசல் வழியாக அழைத்து உட்காரவைத்துப் பேசுவார். அவருடைய கணவருக்கே அது பிடிக்காது. மனுஷன் பேசாமல் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவாராம்.

1964-ல் எல்லா இனத்தாருக்கும் சமஉரிமை கொடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சனுக்கு அவ்வருஷத் தேர்தலில் அந்த வட்டாரத்தில் வேலை செய்ய யாரும் துணியவில்லை. அறுபத்தாறு வயது லில்லியன் அம்மாதான் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். ஊரார் அவருடைய காரை அலங்கோலப்படுத்தினார்கள். அவர் மறுநாளும் அதே காரில் வந்தார்.

விதவையின் வீடு

1953 ஜூலையில் ஏர்ல் கார்ட்டர் புற்றுநோயால் மரித்தார். அவர் அப்போது மாநிலச் சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். அந்த இடத்துக்கு நீங்கள் வாருங்கள் என்று லில்லியன் அம்மாவைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது ஆகப்போகிறது. கடைசி மகன் பில்லிக்கு அப்போதுதான் பதினாறு. மற்றப் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் குடும்பம்.

விதவையானவர்களுக்கு இது புரியும். காரியம் முடியுமட்டும் வீடு நிறைய ஜனம் இருக்கும். அப்புறம் ஒருநாள் காலையில் எழுந்து காப்பி போடும்போது, பழக்கத்தில் இரண்டு டம்ளரை எடுத்துவைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்போம். நான் அப்படி வைத்திருக்கிறேன். லில்லியன் அம்மாவும் தம்முடைய வழியில் அப்படி ஒரு காலத்தைக் கடந்திருக்க வேண்டும். அந்த அம்மா சும்மா இருக்க முடியாதவர். அலபாமாவிலுள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தங்கும் ஒரு விடுதிக்குத் தாயாகப் போய்ச் சில வருஷம் அந்தப் பையன்களைக் கவனித்தார். பிறகு பிளேக்லி என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றை நடத்தினார். அதுவும் முடிந்து வீடு திரும்பினார்.

1966-ல் ஒரு இராத்திரி டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. பீஸ் கோர் என்னும் சேவை அமைப்புக்கு ஆட்கள் தேவை, வயது தடையில்லை என்றது அந்த விளம்பரம். ஜனாதிபதி கென்னடி 1961-ல் தொடங்கிய அமைப்பு அது. அதில் சேருகிறவர்கள் ஏழை நாடுகளுக்குப் போய் இரண்டு வருஷம் அந்த ஜனங்களோடு ஜனங்களாக இருந்து, சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் போதுமான படியை மட்டும் வாங்கிக்கொண்டு சேவை செய்யவேண்டும். போனவர்களில் பெரும்பாலோர் அப்போதுதான் காலேஜ் முடித்த இருபது வயதுப் பிள்ளைகள்.

லில்லியன் அம்மா விண்ணப்பம் எழுதி அனுப்பினார். அப்புறம்தான் பிள்ளைகளுக்குச் சொன்னார். சில மாதம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயிற்சி. அதில் மராத்தி பாஷையும் படிக்கவேண்டும். அறுபத்தெட்டு வயதில் பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, வாயில் நுழையாத எழுத்தைப் படிப்பது எவ்வளவு கஷ்டம்! ரிட்டையர் ஆகிற காலத்தில் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வந்தபோது நான் என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

விக்ரோலியில்

1966-ஆம் வருஷக் கடைசியில் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். பம்பாயின் புறநகர்ப் பகுதியான விக்ரோலி. அங்கே கோத்ரெஜ் கம்பெனியின் தொழிற்சாலைகளும், தொழிலாளர்கள் குடியிருக்கும் காலனியும் உண்டு. அந்தக் காலனிதான் அவருடைய ஊழியஸ்தலம்.

முதலில் கொடுத்த வேலை குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம். அந்நாட்களில் நம் அரசாங்கம் அதை மிகத் தீவிரமாக நடத்தியது. புதுசாகப் படித்த மராத்தியில் தொழிலாளிகளிடமும் அவர்கள் மனைவிகளிடமும் போய்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேசவேண்டும். முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பாட்டி வந்து இந்தப் பேச்சை எடுத்தால் நம்ம ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. பிற்பாடு காலனியின் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக நர்ஸ் வேலைக்கு வந்தார். நர்ஸ் படிப்பை முடித்து அப்போது நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் வீட்டுக்கு எழுதின கடிதங்களைப் பிற்காலத்தில், 1977-ல், ஒரு புத்தகமாகப் போட்டார்கள். அதில் அவர் தம்மை ஒரு பரிசுத்தவாட்டியாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. வீட்டு ஞாபகம் அவரை வாட்டியிருக்கிறது. ஊரிலிருந்து கடிதம் வராத நாட்களில் மனம் வாடியிருக்கிறது. வெயில், கூட்டம், பசியோடு நிற்கும் பிள்ளைகள், எவ்வளவு செய்தாலும் தீராத நோயாளிகளின் வரிசை. இதெல்லாம் அவரை நொறுக்கியது. ஒருவருக்குக் கொடுத்தால் பத்துப்பேர் கை நீட்டுகிறார்கள். கையில் இருப்பதோ அந்தச் சொற்பப் படி.

ஒரு தோட்டக்காரர் அவருக்குக் காய்கறியும் பூவும் கொண்டுவந்து கொடுப்பார். பதிலுக்கு லில்லியன் அம்மா அவருடைய சின்ன மகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஊரில் கறுப்பர் கொண்டுவந்த முட்டைக்கு மருந்து கொடுத்தவர், இங்கே கீரைக்கும் கத்தரிக்காய்க்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு காரியத்தை நான் மறைக்காமல் சொல்லவேண்டும். லில்லியன் அம்மா நம்முடைய சபைகளில் உள்ளவர்களைப்போல நடந்தவர் அல்ல. பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த குடும்பம்தான். ஆனால் சீட்டு விளையாடுவார், மல்யுத்தப் போட்டியை ரசித்துப் பார்ப்பார், மாலையில் கொஞ்சம் மதுவும் குடிப்பார். நாக்கு கூர்மை. அதையெல்லாம் நம் வாலிபப் பிள்ளைகள் முன்மாதிரியாக எடுக்கவேண்டாம். பீஸ் கோர் மூலம் வந்தவர்களுக்குப் பிரசங்கம் பண்ண அனுமதியும் கிடையாது. அவர் விக்ரோலியில் ஒரு கூட்டமும் நடத்தவில்லை, ஒரு துண்டுப்பிரதியும் கொடுக்கவில்லை. இந்த இடத்துக்கு வந்தபோது, இவரைப் பற்றி நம் பத்திரிகையில் எழுதலாமா என்று நானே தயங்கினேன். ஆனால் அடுத்து வாசித்ததை வாசித்தபின் எனக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

அந்தச் சிறு பெண்

கிளினிக்கில் ஒருநாள் ஒரு சிறு பெண் வந்தாள். தொழுநோய். புண்களை மறைத்துக்கொண்டு வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றாள். லில்லியன் அம்மா அவளைப் பார்த்ததும் விலகிப்போனார். டாக்டர் கூப்பிட்டு, இந்தக் கேஸை நீங்கள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லை. முகத்துக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு, அவசர அவசரமாக ஒரு ஊசியைப் போட்டு அனுப்பினார். அப்புறம் தனியே போய், தோல் சிவந்து எரியும்வரை உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

கறுப்பர் வீடுகளில் பயமில்லாமல் நுழைந்தவர், ஊராரின் பகையைச் சட்டைசெய்யாதவர், கடல் தாண்டி வந்தவர். அவர்தான் ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால் இப்படி நடுங்கினார்.

வாராவாரம் அந்தப் பெண் வந்தாள். வாராவாரம் லில்லியன் அம்மா அந்த நேரத்தை நினைத்துக் கலங்கினார். பிள்ளையின்மேல் வெறுப்பில்லை, அந்த வேலையை நினைத்தால்தான் அருவருப்பு. ஆனாலும் வராதே என்று சொல்லவில்லை, வேறொரு நர்ஸிடம் தள்ளிவிடவும் இல்லை. நாளாக நாளாக முகத்தைத் திருப்பாமல் பார்க்க முடிந்தது. புண்கள் ஆறத் தொடங்கின. பிள்ளையின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நிமிர்ந்து இவர் கண்ணைப் பார்க்கத் தொடங்கினாள். இவர் இரண்டு மராத்தி வார்த்தை பேசுவார், அவள் சிரிப்பாள். கையைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் ஒருநாள் லில்லியன் அம்மா அந்தப் பிள்ளையை முத்தமிட்டார். தம்மேல் தீட்டு ஒட்டியதுபோல ஒரு எண்ணம் அவருக்கு அப்போது வரவில்லை.

இதை ஜிம்மி கார்ட்டர் பிற்காலத்தில் ஒரு கவிதையாக எழுதினார். ஜனாதிபதியாயிருந்த மகன், தம் தாய் பயந்ததையும் உடம்பைத் தேய்த்துக் கழுவினதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதை வாசித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன்.

ஏன் அழுதேன்?

1980-களின் தொடக்கத்தில் நான் பயிற்சி நர்ஸ். வார்டுக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருப்பார்கள். தொழுநோயால் கைவிரல்கள் மடங்கிப்போனவர்கள். காலில் புண். கட்டு மாற்ற என்னை அனுப்பினார்கள். நான் பஞ்சையும் மருந்தையும் அவர்கள் பக்கத்தில் வைத்துவிட்டு, நீங்களே துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நாலடி தள்ளி நின்றேன். அந்த மடங்கின விரல்களால் அவர்கள் பஞ்சை எடுக்கப் பார்த்தார்கள். வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசிமட்டும் என்னைக் கோபமாக ஒரு பார்வை பார்க்கவில்லை. போகும்போது, நல்லாயிரு தாயீ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுவாரம் அவர்கள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை.

எனக்குத் தெரியாமல் செய்ததல்ல. தொழுநோய் ஒரு கிருமியால் வருகிறது, தொட்டவுடனே ஒட்டுவதல்ல, பெரும்பாலான மனுஷருடைய உடம்பில் அதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு, இதெல்லாம் பாடத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். டாப்சோன் மாத்திரை வெகுகாலமாகவே இருந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையும் அந்த வருஷங்களில்தான் வந்தது. அதைத் தொடர்ந்து சாப்பிட்டவர்கள் கோடிக்கணக்கில் குணமாகியிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தும் என் கை முன்னுக்குப் போகவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேலாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பாஸ்டர் ஐயா தொழுநோயாளிகள் வரும் இடம் என்று சொன்னபோது என் தலை குனிந்தது சுகராலும் அல்ல, மூட்டு வலியாலும் அல்ல. அந்தப் பெரியம்மாவின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

மாற்கு முதலாம் அதிகாரத்தில் குஷ்டரோகியை நம் ஆண்டவர் தொட்ட சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். அவர் மனதுருகித் தொட்டார். அவர் தேவகுமாரன், அவருக்கு மனதுருக்கம் முதலில் வந்தது. எனக்கும் உங்களுக்கும் சில வேளைகளில் அது முதலில் வருவதில்லை. முதலில் அன்பு வரட்டும், பாரம் வரட்டும், அப்புறம் போவோம் என்று காத்திருந்தே எத்தனை வருஷத்தைக் கழித்துவிட்டோம்! லில்லியன் அம்மா அன்பு வந்தபிறகு அந்தப் பிள்ளையைத் தொடவில்லை. தொட்டுக்கொண்டே இருந்தார், அன்பு பின்னாலே வந்தது. எனக்கு அந்த வராந்தாவில் இல்லாமல் போனது தைரியம் மட்டுமல்ல, இரண்டாவது வாரமும்தான். அவருக்கோ இரண்டாவது வாரம் கிடைத்தது, மூன்றாவது வாரம் கிடைத்தது. கிடைத்த ஒன்றையும் அவர் தள்ளிவிடவில்லை.

திரும்பிப் போனபின்

1968 ஆகஸ்ட் 15-ஆம் தேதி விக்ரோலியில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. நாடெங்கும் சுதந்திரக் கொடி ஏற்றும் அதே நாள். அன்று பிள்ளைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். இல்லாமல் வாழவே முடியாது என்று தாம் எண்ணியிருந்த மனுஷரையும் பொருள்களையும் விட்டு இவ்வளவு தூரத்தில் இருக்கும்போதுதான் வாழ்க்கை இன்னதென்று தமக்குப் புரிந்தது என்பது அதன் கருத்து. ஏறக்குறைய இருபத்தொரு மாதம் ஊழியம் செய்தபின், அதே வருஷம் உடம்பு மெலிந்து ஊர் திரும்பினார்.

வந்து ஓய்ந்துவிட்டாரா? இல்லை. விக்ரோலியில் கண்டதை எடுத்துச்சொல்ல ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பேசினார். 1971-ல் மகன் ஜார்ஜியாவின் கவர்னர் ஆனார். 1977 ஜனவரியில் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனார். அடுத்த மாதமே நம்முடைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது காலமானார். அடக்க ஆராதனைக்கு அமெரிக்கா சார்பில் யாரை அனுப்புவது? ஜனாதிபதி தம் தாயை அனுப்பினார். எழுபத்தெட்டு வயது. முன்பு படிக்காசுக்கு வந்தவர், இப்போது ஒரு தேசத்தின் பிரதிநிதியாக வந்தார். வந்தவர் விக்ரோலிக்கும் போய்த் தம் ஜனங்களைப் பார்த்தார்.

1983-ஆம் வருஷம் அந்தக் குடும்பத்துக்குக் கடினமான வருஷம். செப்டம்பரில் மகள் ரூத் மரித்தார். ஒரு மாதம் கழித்து அக்டோபர் 30-ஆம் தேதி லில்லியன் அம்மாவும் எண்பத்தைந்து வயதில் கண் மூடினார்.

1986-ல் பீஸ் கோர் அமைப்பு அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. ஐம்பது வயதுக்கு மேல் போய்ச் சேவை செய்தவர்களில் சிறந்தவர்களுக்கு அது கொடுக்கப்படுகிறது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழக நர்ஸிங் பள்ளியிலும் அவர் பெயரில் ஒரு மையம் உண்டு. இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. ஜனாதிபதி பதவி முடிந்த அவர் மகன், 1984 தொடங்கித் தொண்ணூறு வயதைத் தாண்டியும், ஏழைகளுக்கு வீடு கட்ட வருஷந்தோறும் சுத்தியலும் கையுமாகப் போய் நின்றார். 2006-ல் மகாராஷ்டிராவிலும் அப்படி வந்து கட்டினார். வயதான பிறகு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் புத்தகம் கொடுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை. தாயைப் பார்த்திருந்தார்.

பெரியவர்களே, உங்களைத்தான்

நம்முடைய சபையில் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே! நமக்கு நாற்காலி போடுகிற வாலிபப் பிள்ளைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆனால் அந்த நாற்காலியோடு நம் ஊழியம் முடிந்ததென்று யார் சொன்னது? ஆபிரகாம் புறப்பட்டபோது வயது எழுபத்தைந்து. மோசே பார்வோனுக்கு முன் நின்றபோது எண்பது. காலேப் மலைநாட்டைக் கேட்டபோது எண்பத்தைந்து. அன்னாள் தீர்க்கதரிசி பாலகன் இயேசுவைக் கண்டபோது வயது சென்ற விதவை. வேதத்தில் ரிட்டையர்மென்ட் தேதியை நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எல்லாரும் பாஸ்போர்ட் எடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. உடம்பு முடியாதவர்கள் போய், போகிற இடத்தில் மற்றவர்களுக்குப் பாரமாகக் கூடாது. டாக்டரைப் பாருங்கள், மருந்து மாத்திரையைக் கணக்குப் பண்ணுங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். லில்லியன் அம்மாவும் பரீட்சை, பயிற்சி எல்லாம் முடித்துத்தான் புறப்பட்டார். அங்கே போய் நாம் பெரியவர்கள், நம்மிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று உட்காராமல், அந்த ஊர் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ள ஆயத்தமாயிருக்க வேண்டும். கொடுத்த வேலை ஒத்துவராவிட்டால் முறுமுறுத்துத் திரும்பாமல், ஒத்துவரும் வேலை கிடைக்கும்வரை தங்கவேண்டும்.

ஆனால் வயதைக் காரணம் காட்டுகிறவர்கள் என்னைப்போல வேறெதையோ மறைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுப்பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வராந்தா இருக்கும். அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் பாஸ்டர் ஐயாவிடம் போய் என் பெயரைக் கொடுத்தேன். அந்தப் பெரியம்மாவைப் பற்றியும் முதல்முறையாகச் சொன்னேன். ஐயா ஒன்றும் பேசாமல் கொஞ்சநேரம் இருந்துவிட்டு ஜெபித்தார். மருத்துவப் பரிசோதனை முடிந்தது. சுகர் கட்டுக்குள் வந்தால் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகன் இன்னும் சம்மதிக்கவில்லை. இந்த வயசில் உங்களை அனுப்பிவிட்டு நாங்கள் எப்படித் தூங்குவது என்கிறான். மருமகள் மட்டும் ஒருநாள் இராத்திரி அடுப்படியில், போய்ட்டு வாங்க அத்தை, பிள்ளைகளை நான் பார்த்துக்கிடுதேன் என்றாள்.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முதல்நாள் என் கை நடுங்கத்தான் செய்யும். அறைக்கு வந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் கழுவுவேன். ஆனால் மறுவாரமும் அந்த வாசலில் நிற்க ஆண்டவர் எனக்குக் கிருபை தரவேண்டும். அதற்காக மட்டும் ஜெபித்துக்கொள்ளுங்கள். என் மகனுக்காகவும் ஜெபியுங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபையின் ஒரு சகோதரி